ரெண்டே வரி டயலாக்

"நீங்க மட்டும் அன்னிக்கு மெட்ராஸ் போயிருந்தா இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பீங்க சார்!"

ஆபீஸில் டீ நேரத்தில் பையன்கள் யாராவது இப்படிச் சொல்வார்கள். உடனே நான் ஒரு பெருமூச்சு விடுவேன். டம்ளரை மேஜை மேல் வைப்பேன். ஜன்னல் பக்கம் பார்ப்பேன். "என்ன தம்பி பண்றது... அப்பா விடலை. தறிக்காரக் குடும்பம். அவரை விட்டுட்டு எப்படிப் போறது?" என்பேன். கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் உடையும். பையன்கள் 'உச்' கொட்டுவார்கள். டீக்காசையும் அவர்களே கொடுத்துவிடுவார்கள்.

27 வருஷமாக நான் நடித்து வந்த நாடகம் இது. ஒரே ஒரு குறை. கதை பொய்!

எங்கப்பா என்னைத் தடுக்கவே இல்லை. இதை இன்றைக்கு உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன் என்றால் அதற்குக் காரணம் டெல்லி கணேஷ்.

எங்கள் ஊர் தெள்ளார். வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில், பஸ்ஸில் கொஞ்சம் கண் அசந்தால் தாண்டிப் போய்விடக்கூடிய ஊர். ஆனால் சரித்திரப் புத்தகத்தில் எங்களுக்கு ஒரு வரி உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் பாண்டியனைத் தோற்கடித்தது இங்கேதான். 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று அவனுக்குப் பட்டமே உண்டு. வாத்தியார் இந்தப் பாடம் நடத்துகிற அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம், ஏதோ நாங்களே யானை மேல் ஏறிப் போய் ஜெயித்துவிட்டு வந்த மாதிரி.

வீட்டில் ஒரு குழித்தறி. ஆரணி முதலாளியிடம் பாவு, பட்டு, ஜரிகை எல்லாம் வாங்கி வந்து, நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார் அப்பா. ஸ்கூல் விட்டு வந்தால் நான் தார் சுற்ற வேண்டும். நான் எங்கே சுற்றினேன்? தறிக்குப் பக்கத்தில் கண்ணாடியை வைத்துக்கொண்டு தலைமுடியைத்தான் சுற்றிக்கொண்டிருப்பேன். மாரியம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் சமூக நாடகம் நடக்கும். பதினெட்டு வயசிலிருந்து நான்தான் ஹீரோ. ஏன் ஹீரோ என்று கேட்காதீர்கள். ஊரிலேயே கூலிங் கிளாஸ் வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான்.

பி.காம். முடித்ததும் வந்தவாசியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. காலையில் டிபன் பாக்ஸ், சாயங்காலம் கூட்டமான பஸ். லெட்ஜர் பக்கங்களுக்கு நடுவில் நான் என் கையெழுத்தைப் பழகிக்கொண்டிருந்தேன். ரசிகர்களுக்கு ஆட்டோகிராஃப் போடும்போது தடுமாறக்கூடாது, இல்லையா? 1996 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ராஜினாமாக் கடிதம் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதியிருந்தேன். கலைத்தாயின் அழைப்பு என்று எழுதினால் மேனேஜருக்குப் புரியுமோ என்னவோ!

அந்தத் தீபாவளிக்கு, நவம்பர் 10ஆம் தேதி, 'அவ்வை சண்முகி' ரிலீஸ். ரெண்டு நாள் கழித்து அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். படம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் சொல்லிவிடுவது என்று திட்டம். தியேட்டர் மொத்தமும் கமல் மாமியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கப்பா முதலில் மாமியின் மடிசாரைப் பார்த்தார். தொழில் புத்தி! அப்புறம் வேறு ஒருத்தரையே பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஜெமினி கணேசன் வீட்டில் கூடவே வளைய வரும் சேதுராமய்யர். டெல்லி கணேஷ்.

"நம்ம மணி ஐயர்டா" என்று என் தொடையில் தட்டினார்.

'மைக்கேல் மதன காமராஜன்' படத்தை டி.வி.யில் பார்த்ததிலிருந்து அப்பாவுக்கு அவர் மணி ஐயர்தான். சமையல்காரக் காமேஸ்வரனை வளர்த்த பாலக்காட்டு மணி ஐயர். அந்தப் படத்தில் கமல் நான்கு பேர். எங்கப்பா கணக்கில் நாலு கமலும் ஒரு மணி ஐயரும்.

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னேன். கடிதத்தையும் எடுத்துக் காட்டினேன். கத்துவார், அழுவார், 'இந்தத் தறியை யாருடா பாத்துக்கிறது?' என்பார் என்று எதிர்பார்த்து அதற்கான பதில் வசனம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அப்பா வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"போயேன். யார் வேணாம்னா? ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்த மணி ஐயரைப் பாத்தியா? மத்தவன் பேசறப்போ அந்த மனுஷன் எப்படிக் காது குடுத்துக் கேக்கறாரு பாத்தியா? அவரு கேக்கறதைப் பாத்துத்தான்டா எதிராளி பேசறது நமக்கு நிஜமாத் தெரியுது. நீ திருவிழா டிராமாவிலே அடுத்தவன் பேசறப்போ ஜனங்களைப் பாத்துச் சிரிச்சிக்கினு நிக்கறே. மொதல்ல கேக்கக் கத்துக்க. அப்புறமா வேலையை விடு."

எனக்கு வந்ததே கோபம்! "நான் ஹீரோவாகணும்னு சொல்றேன், நீ அப்பா வேஷக்காரரைப் பத்திப் பேசறியே" என்றேன்.

"பொடவை எடுக்க வர்றவங்க முந்தியை விரிச்சித்தான் பாப்பாங்க. ஆனா வருஷக்கணக்குல உழைக்கிறது உடல்தான். அது இழை விட்டுப் போச்சுன்னா முந்தியை எங்க கட்டிக்கிறது?" என்று சொல்லிவிட்டு மீதி வேர்க்கடலையை என்னிடம் கொடுத்தார்.

பஸ் வந்துவிட்டது. கடிதம் மறுபடி சட்டைப்பைக்குப் போய்விட்டது.

அடுத்த வருஷம், 1997ல், ஒரு நண்பனின் சிபாரிசில் மெட்ராஸில் ஒரு நாடகக் குழுவைப் போய்ப் பார்த்தேன். எல்லோரும் பகலில் உத்தியோகம், சாயங்காலம் ஒத்திகை என்று இருப்பவர்கள். தலைவர் நல்ல மனுஷர். என்னை மேலும் கீழும் பார்த்தார். நாலு வரி படிக்கச் சொன்னார். அப்புறம், "அடுத்த வாரம் ஒரு காட்சி இருக்கு. தந்திக்காரன் வேஷம். ரெண்டே வரி டயலாக். 'சார், தந்தி!', 'இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க.' சனி, ஞாயிறு வந்தா போதும், வேலையை விட வேண்டாம். பண்றீங்களா?" என்றார்.

நான் கூலிங் கிளாஸைக் கழற்றினேன். "சார், எங்க ஊர்ல நான் ஹீரோ" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்படியா, சந்தோஷம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி கடைசி பஸ்ஸில் வரும்போதே 'அப்பா விடலை' நாடகத்தின் முதல் காட்சியை எழுதி முடித்துவிட்டேன். தறியும் வறுமையும் பாசமும் எல்லாம் சரியாகப் பொருந்தியது. எல்லோரும் நம்பினார்கள். கொஞ்ச நாளில் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

2024 நவம்பர் 10. ஞாயிற்றுக்கிழமை. காலையில் டி.வி.யைப் போட்டால் டெல்லி கணேஷ் முந்தின நாள் இரவு சென்னையில் காலமாகிவிட்டார் என்று செய்தி. வயது 80. 'அவ்வை சண்முகி' வந்து சரியாக 28 வருஷம், அதே தேதி. அப்பா திண்ணையிலிருந்து உள்ளே வந்து நின்றபடியே பார்த்தார். அவருக்கும் ஏறக்குறைய அதே வயசு. "மணி ஐயர் போயிட்டாரா" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

நாள் முழுக்க அவரைப் பற்றிக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள். காமெடி நடிகருக்கு விமானப்படை எதற்கு என்று என் பெண் கேட்டாள். எனக்கும் அன்றைக்குத்தான் அவர் வாழ்க்கையை ஒழுங்காகப் படிக்கத் தோன்றியது.

படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைக் கலக்கியது சார்.

1944ல் நெல்லைச் சீமையில் பிறந்தவர். 1964லிருந்து 1974 வரை பத்து வருஷம் இந்திய விமானப்படையில் வேலை. நம்மைப் போல மாதச் சம்பளக்காரர். டெல்லியில் தமிழர்கள் நடத்திய தட்சிண பாரத நாடக சபாவில் சேர்ந்து நடித்தார். அந்த டெல்லிதான் பின்னால் அவர் பேரில் ஒட்டிக்கொண்டது. வெறும் கணேசனாக இருந்தவரை 'டெல்லி கணேஷ்' ஆக்கியவர் கே. பாலசந்தர். 1977ல் 'பட்டினப்பிரவேசம்' படத்தில் அறிமுகம். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ. எனக்கு இருபத்து மூன்றிலேயே நேரமாகிவிட்டது என்று தோன்றியது!

ரெண்டே வருஷத்தில், 1979ல், 'பசி'. ஷோபாவுக்கு அகில இந்தியாவிலும் சிறந்த நடிகை என்று தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அதில் அவளுடைய அப்பாவாக, ரிக்‌ஷா இழுக்கிறவராக வருவார் டெல்லி கணேஷ். விமானப்படையில் இருந்தவர் ரிக்‌ஷா இழுக்கிறார். தமிழக அரசின் சிறப்புப் பரிசு அந்த வேஷத்துக்குக் கிடைத்தது. 1981ல் 'எங்கம்மா மகாராணி' என்று ஒரு படத்தில் ஹீரோவாகவே நடித்துப் பார்த்துவிட்டார். அத்தோடு, 'இனிமேல் ஹீரோ என்றால்தான் வருவேன்' என்று வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. அதே வருஷம் '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் கொடுத்தார். முகமே தெரியாத வேலை! அதையும் செய்தார்.

1985ல் 'சிந்து பைரவி'. பாடகர் சிவகுமாருக்கு மிருதங்கம் வாசிக்கிறவர். பக்கவாத்தியக்கார வேஷம், தமிழ் சினிமாவின் பக்கவாத்தியக்காரருக்கே! 1987ல் 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கர் கூடவே நிற்கும் ஐயர். 1989ல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் நாலு வில்லன்களில் ஒருத்தர். அடுத்த வருஷமே மணி ஐயராக வந்து பாலக்காட்டுத் தமிழ். 2000த்தில் 'தெனாலி'. அதில் மனோதத்துவ டாக்டர் பஞ்சபூதம். நடுவில் நாடக மேடை, டி.வி. சீரியல்கள், கலைமாமணி விருது. வயதான பிறகு, கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்த சின்னப் பையன்களின் குறும்படங்கள். 2016ல் மகனுக்காக 'என்னுள் ஆயிரம்' என்று சொந்தப் படம். 2024ல் 'இந்தியன் 2'. மொத்தம் 400 படங்களுக்கு மேல். நான் கணக்கு எழுதுகிறவன் என்பதால் வகுத்துப் பார்த்தேன். 47 வருஷம். வருஷத்துக்கு எட்டு படத்துக்கு மேல்! இவரில்லாமல் தமிழ்நாட்டில் எத்தனை ஹீரோயினுக்குக் கல்யாணம் நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆபீஸில் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சினிமாவுக்குப் போனவர்கள் நம்மூரில் நிறையப் பேர். பாலசந்தரே ஏ.ஜி. ஆபீஸ்காரர். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. பூர்ணம் விஸ்வநாதன் ரேடியோவில் செய்தி வாசித்தவர். இவர்கள் யாரும் எடுத்த எடுப்பில் கடிதத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகவில்லை. சாயங்காலங்களில் மேடையில் நின்று பழகினார்கள்.

இதற்கு வெளிநாட்டிலும் சாட்சி உண்டு. ஹாலிவுட்டில் துணை நடிகருக்கென்றே தனி ஆஸ்கர் இருக்கிறது. மெக்ஸிகோவில் பிறந்த ஆந்தனி க்வின் அதை ரெண்டு தடவை வாங்கினார். ரெண்டாவது, 'லஸ்ட் ஃபார் லைஃப்' என்ற 1956ஆம் வருஷப் படத்துக்கு. ஓவியர் வான்காவின் கதை. ஹீரோ கர்க் டக்ளஸ். சிநேகிதராக வரும் க்வின் திரையில் தெரிவது அரை மணி நேரம்கூடக் கிடையாது. விருது அவருக்குப் போய்விட்டது! மெக்ஸிகோக்காரர் என்று ஒதுக்காமல் கொடுத்த வேஷமெல்லாம் வாங்கிக்கொண்டார். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் அராபியர், 'ஸோர்பா'வில் கிரேக்கர். நம்ம நெல்லைக்காரர் டெல்லிப் பேரை வைத்துக்கொண்டு பாலக்காட்டுக்காரராக வந்த மாதிரிதான்.

அன்றைக்கு ராத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தேன். நந்திவர்மன் ஞாபகம் வந்தான். தெள்ளாற்றில் அவன் மட்டுமா நின்றான்? எத்தனை ஆயிரம் பேர் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்? ஒருத்தன் பேர்கூட நமக்குத் தெரியாது. ஆனால், 'யானை கொடுத்தால்தான் வருவேன்' என்று ஒவ்வொருத்தனும் சொல்லியிருந்தால் எங்கள் ஊருக்குச் சரித்திரத்தில் அந்த ஒரு வரி கிடைத்திருக்குமா?

நான் யானை கேட்டவன். எனக்குக் கிடைத்தது தந்தி. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, பழியைப் பாவம், தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு எனக்காக உழைத்த மனுஷர் மேல் போட்டேன். தந்தி சேவையையே 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். அந்த வேஷத்தை இனி நான் ஆசைப்பட்டாலும் போட முடியாது.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "ஆபீஸ்லே எல்லார்கிட்டயும் நீ விடலைன்னு சொல்லிட்டிருந்தேம்பா."

"தெரியும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படி?"

"உன் சிநேகிதன் ஒருத்தன் எப்பவோ வந்து என்கூட சண்டை போட்டான். ஏன் பையனோட வாழ்க்கையைக் கெடுத்தீங்கன்னு."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"காது குடுத்துக் கேட்டேன்" என்றார் அப்பா.

டெல்லி கணேஷ்கூட அந்த வரியை அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

மறுநாள் திங்கட்கிழமை. டீ நேரத்தில் பையன்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். தந்திக்காரன் வேஷம், கூலிங் கிளாஸ் எல்லாவற்றையும். விழுந்து விழுந்து சிரித்தார்கள். 27 வருஷத்தில் என் நடிப்புக்கு அவ்வளவு நல்ல வரவேற்பு கிடைத்தது அன்றைக்குத்தான். டீக்காசை மட்டும் நான் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

போன திருவிழாவுக்கு முன்னால் ஊர்ப் பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். சமூக நாடகம் நின்றுபோய்ப் பல வருஷம் ஆகிறது. மறுபடி போடுகிறார்களாம். ஹீரோ ஒரு ஐ.டி.க்காரப் பையன். தலைவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "பெரியப்பா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு சின்ன வேஷம் இருக்கு. கொரியர்காரர். ரெண்டே வரி. 'சார், கொரியர்!' அப்புறம், 'ஓ.டி.பி. சொல்லுங்க.' உங்க வயசுக்கு இதைக் கேக்கறதுக்கே கூச்சமா இருக்கு..."

"ஒத்திகை எத்தனை மணிக்கு?" என்றேன்.

பதினோரு நாள் ஒத்திகைக்கும் போனேன். ஹீரோ ஓ.டி.பி. சொல்லும்போது அவன் முகத்தையே பார்த்துக் காது கொடுத்துக் கேட்டேன். ஆறு நம்பர்தான். அதைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா சார்? கண் தானாக ஜனங்கள் பக்கம் ஓடுகிறது!

நாடகத்தன்று அப்பாவை நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தோம். மேடைக்குப் போவதற்கு முன் கிட்டே போனேன்.

"எத்தினி டயலாக்?" என்றார்.

"ரெண்டுப்பா."

"தப்பில்லாம சொல்லு" என்றார் அப்பா.